சீட்டிச் சத்தமும் பப்பாளிப் பாலும்

என் கணவர் சீட்டியடிப்பார். மரியாதையான குடும்பத்து ஆம்பளை தெருவில் சீட்டியடிக்கலாமா என்று கல்யாணமான புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் டீச்சர். தெருவில் பாதிப் பிள்ளைகள் என்னிடம் படிக்கிறவர்கள். ஆனால் அது யாரையும் வம்புக்கு இழுக்கிற சீட்டி இல்லை. சாயங்காலம் ஒட்டன்சத்திரம் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் தெருமுனைக்கு வந்ததும், அங்கே இருக்கிற அடிகுழாயில் முகம் கழுவிவிட்டு, உதட்டைக் குவித்து நீளமாக ஒன்று விடுவார். தோசைக்கல்லை அடுப்பில் போடு என்று அர்த்தம். முனையிலிருந்து அவர் நடந்து வருகிற நேரமும் கல் காய்கிற நேரமும் கச்சிதமாகப் பொருந்தும். செருப்பைக் கழற்றும்போது முதல் தோசை தட்டில் விழும். மூன்றே மாதத்தில் என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஆறு மணியானால் காது தானாகத் தெருமுனைக்குப் போய்விடும்.

அவருக்கு வேலை ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கம், பப்பாளிப் பால் காய வைக்கிற ஒரு ஷெட்டில். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பப்பாளியைக் காயாக மரத்திலேயே வைத்து பிளேடால் மெல்லக் கீறினால் வெள்ளை வெளேரென்று பால் வடியும். அதைப் பிடித்து, உலர்த்தி, அரைத்து, சலித்து, பொடியாக்கி டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். மருந்துக்குப் போகும், கறியை மெதுவாக்கவும் போகும். அந்தப் பொடியில் இருப்பது ஒரு நொதி. புரதத்தைக் கண்டால் துண்டு துண்டாக நறுக்குவதுதான் அதற்குப் பிழைப்பு. என் கணவர் சல்லடைப் பகுதிக்கு மேஸ்திரி. முகம் கழுவ மறந்த நாளில் புருவம் மீசையெல்லாம் வெளுத்து கிறிஸ்துமஸ் தாத்தா மாதிரி வந்து நிற்பார். நானும் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

எங்கள் தெருவில் முனையில் அடிகுழாய், நடுவில் மாவு மில், கடைசிக்கு முந்தின வீடு எங்களுடையது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், மழை பிடிக்கிற சமயத்தில், முதல் தோசை தாமதமாக ஆரம்பித்தது. அவர் வந்து உட்கார்ந்த பிறகும் கல் காயவில்லை. அடுப்பில்தான் ஏதோ கோளாறு என்று பர்னரைக் கழற்றிக் குத்திக் குத்திச் சுத்தம் செய்தேன். நாலு நாள் கழித்துத்தான் உறைத்தது. சீட்டி இப்போது தெருமுனையிலிருந்து வரவில்லை, மாவு மில் வாசலிலிருந்து வருகிறது. முனையில் நின்று அடித்தால் வீடு வரைக்கும் எட்டாது என்று மனுஷன் பேசாமல் இடத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார். ஐப்பசி முடிவதற்குள் சீட்டி எங்கள் கேட்டுக்கே வந்துவிட்டது. கேட்டைப் பிடித்துக்கொண்டு அடிப்பார், அடித்து முடிக்குமுன் இருமல் வந்து பாதியில் பிடுங்கிக்கொள்ளும்.

பனி, தண்ணீர் மாறிக் குடித்தது, பஸ் ஜன்னல் காற்று என்று அவரிடம் காரணத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இருமல் பாதியாகக் குறையும். திங்கட்கிழமை சாயங்காலம் மறுபடி வந்து உட்காரும். விலங்கியல் படித்தவளுக்கு இது போதாதா? பொடிதான் காரணம், சல்லடையை விடுங்கள் என்றேன். அவர் சிரித்தார்.

“ஊரே கறிக்குழம்புல பப்பாளிக்காயப் போட்டுத் திங்குது. தின்ற சாமான் வாயில போனா என்ன, மூக்குல போனா என்ன?”

நான் கரும்பலகை இல்லாத குறையாக விளக்கினேன். வாயில் போனால் வயிறு பார்த்துக்கொள்ளும், அதற்குத் தடித்த பூச்சு இருக்கிறது. நுரையீரலின் உள்பக்கம் அப்படியில்லை. அங்கே இருப்பது ஒற்றை அடுக்குச் செல்கள். ஒன்றை ஒன்று புரதத்தால் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்தப் பிடி இருக்கிற வரைக்கும் காற்று இந்தப் பக்கம், ரத்தத்தின் நீர் அந்தப் பக்கம். புரதத்தை நறுக்குகிற நொதி அங்கே போய் விழுந்தால் பிடி விட்டுப்போகும். பிடி விட்டால் கண்டதும் கசிந்து உள்ளே வரும், வீக்கம் வரும், மூச்சு முட்டும். இம்புட்டையும் கேட்டுக்கொண்டே நாலு தோசை சாப்பிட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நீ கண்ணால பாத்தியா?”

பார்க்கவில்லை. புத்தகத்தில் படித்ததுதான். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அப்போது நான் வேலை பார்த்துக்கொண்டே எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். என் வழிகாட்டிப் பேராசிரியை மண்புழுவை எடுத்துக்கொள், பத்திரமான தலைப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாளே போய், மண்புழு வேண்டாம், பப்பாளிப் பால் நொதியால் ஆட்டு நுரையீரலின் உள்சவ்வு எப்படிக் கசிகிறது என்று பார்க்கப்போகிறேன் என்றேன். பேராசிரியை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சோதனைக்கூடத்தில் ஜன்னலோரம் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் பந்தயம் போட்டோம். வெறும் உப்புத் தண்ணீர் ஊற்றின நுரையீரல் ஒழுகக் கூடாது, பப்பாளிப் பால் ஊற்றினது ஒழுக வேண்டும், இரண்டையும் அவர் கண்ணெதிரே காட்ட வேண்டும். காட்டிவிட்டால் அன்றைக்கே சல்லடையை விட்டுவிடுவார். காட்ட முடியாவிட்டால் இருமலைப் பற்றி நான் ஆயுசுக்கும் வாயைத் திறக்கக் கூடாது. கெடுவும் ஒன்று இருந்தது. தை பிறந்ததும் ஷெட்டில் புதிதாக ஓர் அரவை அறை. நாலு சுவர், ஒரு கதவு, உள்ளே மெஷின், அதற்கு முழுப் பொறுப்பும் இவர். அதைச் சொல்லும்போது அவருக்கு அவ்வளவு பெருமை. எனக்கு அந்த நாலு சுவர்தான் கண்ணில் நின்றது. சல்லடையாவது திறந்த தாழ்வாரத்தில் இருந்தது.

நுரையீரலுக்கு எங்கள் கறிக்கடை பாயிடம் போனேன். கத்தி படாமல், மூச்சுக்குழாயோடு முழுசாக வேண்டும், வாரத்துக்கு மூன்று நாள் வேண்டும் என்றேன். பாய் வழக்கமாக எதற்கும் ஒரு கேலி சொல்கிறவர். அன்று கேலி செய்யவில்லை. என்னைப் பாவமாகப் பார்த்து, கவலப்படாதம்மா, நானே பதமா எடுத்து வைக்கிறேன் என்றார். காலையில் போனால் இலையில் கட்டித் தயாராக இருக்கும். இப்படி ஒரு நல்ல மனுஷனா என்று நினைத்துக்கொண்டேன்.

செய்முறை ஒன்றும் பெரிய வித்தையில்லை. மூச்சுக்குழாயில் ரப்பர் குழாயைச் செருகி நூலால் இறுகக் கட்டுவது. உப்புத் தண்ணீரில் துணிக்குப் போடுகிற நீலத்தைக் கலந்து உள்ளே ஊற்றுவது. கீழே வெள்ளைப் பீங்கான் தட்டை வைத்துத் தொங்கவிடுவது. ஒரு நுரையீரலுக்கு வெறும் நீலத் தண்ணீர், இன்னொன்றுக்கு நொதி கலந்தது. தட்டில் எவ்வளவு நேரத்தில் எத்தனை சொட்டு விழுகிறது என்று எண்ணுவது. சின்னப் பிள்ளை செய்யும்.

முதல் நாள் நொதி ஊற்றினது ஒழுகியது. துள்ளிக் குதித்தேன். திரும்பிப் பார்த்தால் வெறும் தண்ணீர் ஊற்றினதும் ஒழுகுகிறது. ஏதோ கீறல் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் உப்பின் அளவை மாற்றினேன். பிறகு தண்ணீரை மாற்றினேன், நூலை மாற்றினேன், குழாயை மாற்றினேன். திண்டுக்கல் தண்ணீரே சரியில்லை என்று நகராட்சியைத் திட்டினேன். ஒன்றும் தெரியாத பீங்கான் தட்டைக்கூடத் திட்டினேன். ஆறு வாரம். இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு ஒழுகின. பேராசிரியை ஒருநாள் வந்து இரண்டு தட்டையும் பார்த்துவிட்டு, மண்புழு இன்னும் உனக்காகக் காத்துக்கிட்டுத்தாம்மா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் அதற்குமேல். “என்ன டீச்சரம்மா, சும்மா தண்ணி ஊத்துனாலே ஒழுகுதாமே? அப்ப ஆட்டுக்குத்தான் வியாதி, எனக்கில்ல” என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் இருமுவார். பந்தயம் முடிகிற வரைக்கும் இருமலைப் பற்றிப் பேசக் கூடாதே, நான் தொட்டுக்கொள்கிற வெஞ்சனக் கிண்ணத்தை ணங்கென்று தட்டருகே வைப்பேன். அவருக்குக் கேட்க வேண்டியது கேட்டிருக்கும். மார்கழி பிறந்துவிட்டது. ஒவ்வொரு சாயங்காலமும் கேட்டருகே அந்த அரைச் சீட்டியைக் கேட்கும்போது, தை வர இன்னும் எத்தனை நாள் என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை, கோபத்தை மட்டும் சொன்னேன். எனக்கு அதுதான் சுலபமாக வரும்.

அரைப் பரீட்சை முடிந்து பள்ளி விடுமுறை விட்டது. அவசரம் இல்லாத காலை, சீக்கிரமே எழுந்துவிட்டேன், வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கறிக்கடைக்குப் போய்விட்டேன். பாய் முதுகைக் காட்டி உட்கார்ந்து எதையோ மும்முரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். மடியில் தட்டு, தட்டில் என் நுரையீரல், பாய் கையில் பச்சைப் பப்பாளித் தோல். பால் சொட்டச் சொட்ட, பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி அவ்வளவு அக்கறையாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

“பாய், என்ன பண்ணுறீங்க?”

அவர் திடுக்கிடவில்லை. நல்ல காரியம் செய்கிறவர் எதற்குத் திடுக்கிட வேண்டும்? “நுரையீரல் லேசுல வேகாதும்மா. ரப்பர் கணக்கா கெடக்கும். சூப்பு வச்சுக் குடுத்தா நோயாளி எப்புடி மெல்லுவாக? அதான் பப்பாளித் தோல் தேய்ச்சு செத்த நேரம் வச்சு, அலசிக் குடுக்குறேன்.”

நோயாளியா, எந்த நோயாளி என்று கேட்டேன்.

“உங்க வீட்டுக்காரருதாம்மா. ஞாயித்துக்கெழம கறி வாங்க வாரப்ப பாக்குறேன்ல? அரைக் கிலோன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு தடவ மூச்சு வாங்குறாரு.”

ஆறு வாரம். ஒவ்வொரு நுரையீரலும் என் கைக்கு வருமுன்பே பப்பாளிப் பாலில் ஊறிக் குளித்து வந்திருக்கிறது. வெறும் தண்ணீர் ஊற்றினதாக நான் நினைத்தது ஒன்றுகூட வெறும் நுரையீரல் இல்லை. என் சோதனை ஒருநாள்கூடத் தோற்கவில்லை, திரும்பத் திரும்ப ஜெயித்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு வாய்க்கு வந்ததையெல்லாம் திட்ட வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தால் சிரிப்பு வந்தது. கறி வெட்டுகிற மேடையைப் பிடித்துக்கொண்டு, நாலு பேர் பார்க்க, வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் அந்தச் சிரிப்பு எப்போது அழுகையானதென்று தெரியவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, மூச்சு வாங்குகிறவருக்கு மட்டும் தெரியவில்லை. பாய் பதறிப்போய் ஈரக்கையோடு எழுந்து, தப்பாப் போச்சாம்மா, தப்பாப் போச்சாம்மா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷம் கையிலிருந்த தோலையே பார்த்தார். பிறகு அதைத் தூக்கி எறிந்துவிட்டு, ஞாயித்துக்கெழம தோல் படாத ரெண்டு நுரையீரலு நானே கொண்டாரேன் என்றார்.

சொன்ன மாதிரியே வந்தார். நாங்கள் மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்து பலகாரம் சாப்பிட்டுக் கைகழுவும்போது, இரண்டு பொட்டலத்தோடு கொல்லைப்பக்கம் வந்து நின்றார். வியாபார நேரத்தில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். என் கணவர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். தீர்ப்புச் சொல்ல வந்த நாட்டாமை மாதிரி முகம். எந்த நுரையீரலுக்கு நொதி என்று நான் முடிவெடுக்கக் கூடாது, அவர்தான் காட்டுவார் என்றார். காட்டினார். துணி காயப்போடுகிற கம்பியில் இரண்டையும் தொங்கவிட்டேன். கீழே பீங்கான் தட்டுகள். ஒரு நுரையீரலுக்குள் வெறும் நீலத் தண்ணீர் ஊற்றினேன். இன்னொன்றுக்குள் நீலத் தண்ணீரும், ஒரு சின்னக் கிண்ணத்தில் நான் தயாராகக் கரைத்து வைத்திருந்த பொடியும்.

வெயில் ஏற ஏற மூன்று பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காபி குடித்தோம். பாய் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாண பிரியாணி கெட்டுப்போன கதையைச் சொன்னார். என் கணவர் இரண்டு தட்டும் காய்ந்து கிடப்பதைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். எனக்குக் கதை காதில் ஏறவில்லை. மாதாவே, மாதாவே என்று மனசு அடித்துக்கொண்டது. பன்னிரண்டு மணி இருக்கும். அவர் காட்டின நுரையீரலின் அடியில் ஒரு சின்ன நீலப் பொட்டு தெரிந்தது. பொட்டு பெருத்தது. டப்பென்று தட்டில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் அந்த நுரையீரல் முழுக்க நீலமாக வேர்த்துவிட்டது. பக்கத்திலிருந்தது வெளிறிப்போய், நிறைந்து, ஒரு சொட்டு சிந்தாமல் தொங்கியது. அந்தத் தட்டைப் பாய் கையிலெடுத்து, விரலால் தடவி, எல்லாருக்கும் காட்டினார். காய்ந்த தட்டு.

என் கணவர் எழுந்து கிட்டே போனார். தோற்றுப்போகிறவர் கடைசியாகப் பிடிக்கிற கொம்பு ஒன்று இருக்குமே, அதைப் பிடித்தார். “லேப்புப் பவுடரு. அது ரொம்ப ஸ்ட்ராங்கு. எங்க ஷெட்டுப் பொடி அம்புட்டு வீரியம் கெடையாது.”

“லேப்புப் பவுடர் இல்லைங்க. வெள்ளிக்கிழமை நீங்க போட்டிருந்த சட்டை. தோய்க்கப் போடுறதுக்கு முன்னாடி சட்டைப் பையத் தட்டுனேன். அதுல விழுந்ததுதான்.”

அவர் கை மெல்ல எழுந்து, போட்டிருந்த ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் பையைத் தொட்டது. பைக்கு அடியில் என்ன இருக்கிறதென்று அவருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. பாய் குனிந்து பொட்டலக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். “பாய், நாளைக்கு எனக்கு இதே மாதிரி ரெண்டு வேணும். தோல் படாம” என்றார் என் கணவர்.

மறுநாள் தூக்குவாளியில் இரண்டு நுரையீரலை வைத்து ஒட்டன்சத்திரம் பஸ் ஏறின மேஸ்திரி அநேகமாக அவர் ஒருத்தராகத்தான் இருப்பார். ஷெட்டில் அவரே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். சல்லடையில் இருந்த பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்களாம். அதில் ஓர் அம்மா, ஏனுங்க மேஸ்திரி, இத்தன நாளா இதையவா நாம மூச்சுல இழுத்துட்டு இருந்தோம் என்று கேட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாராம். முதலாளி முதலில் குதித்தார். ஒருவரும் சல்லடையைத் தொடாததால் பிறகு இறங்கி வந்தார். பொடியை முழுக்கக் காயவிடாமல் கொஞ்சம் ஈரப்பதத்தோடு சலிப்பது, எல்லாருக்கும் முகத்துணி, பெரிய காற்றாடி என்று எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டார். தை பிறந்தது, அரவை அறைக்கு ஜன்னல் வைத்த பிறகுதான் மெஷின் ஓடியது. அதற்குள் இவர் பால் எடுக்கிற தோட்டத்துப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டுவிட்டார். பால் ஈரமாக இருக்கிற வரைக்கும் அது கையைத்தான் கடிக்கும், நெஞ்சுக்குள் பறக்காது.

என் ஆய்வேடும் முடிந்தது. நன்றியுரையில் கறிக்கடைக்கும் ஒரு வெள்ளிக்கிழமைச் சட்டைக்கும் நன்றி எழுதியிருந்தேன். சட்டையை மட்டும் பேராசிரியை அடித்துவிட்டார். பாய்க்கு ஒரு பிரதி கொடுத்தேன். கல்லாவுக்குப் பின்னால் ரொம்ப நாள் வைத்திருந்தார்.

டாக்டர் உண்மையைச் சொன்னார். போன பகுதி போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். இருமல் போய்விட்டது. சீட்டி கேட்டிலிருந்து கிளம்பி, அடுத்த ஆடிக்குள் மாவு மில் வாசலுக்குப் போனது. அதற்கு அந்தப் பக்கம் போகவில்லை. வருஷங்கள் ஓடின, அது மாவு மில்லிலேயே நின்றது. நானும் கனமான கல்லைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, சீக்கிரம் காய்கிற மெல்லிய தோசைக்கல் ஒன்று வாங்கிக்கொண்டேன். முதல் தோசை மறுபடியும் நேரத்துக்கு விழுந்தது. அதற்கே நான் எத்தனை நாள் சந்தோஷத்தில் தன்னந்தனியாகச் சிரித்திருக்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எங்கள் கல்யாண நாள். அவர் மறந்திருப்பார் என்று காலையிலிருந்தே கறுவிக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்குச் சீட்டி கேட்டது. கை கல்லைப் போட்டுவிட்டது, மாவையும் ஊற்றிவிட்டது. அதற்குப் பிறகுதான் காதுக்கு உறைத்தது. சத்தம் மாவு மில்லிலிருந்து வரவில்லை. தூரத்திலிருந்து வந்தது. மெலிசாக, நீளமாக, முனையிலிருந்து.

அடுப்பை அணைக்காமல் ஓடினேன். அவர் அடிகுழாய்க் கைப்பிடியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் சிவந்து, நெஞ்சு ஏறி இறங்க, உள்ளேயிருந்த மூச்சையெல்லாம் அதிலேயே செலவழித்துவிட்டு, ஒரு வார்த்தை பேச முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அறிவிருக்கா, டாக்டர் என்ன சொன்னார் என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். மூச்சு திரும்பும் வரைக்கும் கையைக் காட்டி என்னை நிறுத்தி வைத்தார்.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு” என்றேன்.

வீடு வந்து சேர வெகுநேரம் ஆனது. மாவு மில் வாசலில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தோம். தோசை கரிக்கட்டையாகியிருந்தது. அதை இரண்டு பேரும் பிய்த்துத் தின்றோம்.